எண்களுக்குப் பெயர் வைக்கும் வேலை

எங்கள் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது. விஜயராகவப் பெருமாள் கோயிலையும் ஜடாயு தீர்த்தத்தையும் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இன்று எழுதப்போவது, நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு என் தங்கை மகன் செய்கிற தொழிலைப் பற்றி.

"உங்க தங்கச்சி பையன் என்னதான் பண்றாரு? ஸ்பானரைக் கையில எடுத்தே பார்த்ததில்லையே" என்று ஊரில் பலர் என்னைக் கேட்டுவிட்டார்கள். காருக்குள் உட்கார்ந்துகொண்டு லேப்டாப்பைப் பார்ப்பான். ஒயரைச் சொருகுவான், பிடுங்குவான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் திரையில் எண்களாக ஓடிக்கொண்டிருக்கும். கேட்டால், "மேப் டெஃபனிஷன் ஃபைல் பண்றேன் மாமா" என்பான். மேப் என்றதும் நானும் முதலில் ரோடு மேப் என்றுதான் நினைத்தேன். விஷயம் வேறு. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

நான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 31 வருடம் டீசல் பம்ப் பிரிவில் வேலை பார்த்தவன். அந்தக் காலத்து பஸ் எஞ்சினில் டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பம்புக்குள் இருக்கும் ரேக் நகரும். ரேக் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு டீசல் எஞ்சினுக்குள் போகும். இதற்கு மேல் போகக்கூடாது என்று ஒரு ஸ்க்ரூ தடுத்து நிற்கும். பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஓட்டி, இத்தனை ஆர்.பி.எம்.மில் இத்தனை ஸ்ட்ரோக்குக்கு எத்தனை சி.சி. என்று கண்ணாடிக் குழாய்களில் பிடித்துப் பார்ப்போம். பம்ப் கம்பெனி கொடுத்த டெஸ்ட் பிளானோடு ஒத்துப்போனால் ஸ்க்ரூவில் கம்பி கோத்து ஈய சீல் அடித்து அனுப்புவோம்.

இன்றைய டீசல் காரில் அந்த ரேக்கும் இல்லை, ஸ்க்ரூவும் இல்லை. எவ்வளவு டீசல், எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தில் என்று எல்லாவற்றையும் ஒரு சின்ன அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. எப்படி முடிவு செய்கிறது? நம் பஸ் கண்டக்டர் கட்டண அட்டவணையைப் பார்ப்பாரே, அதே மாதிரிதான். மேலே ஏறும் ஸ்டேஜ், பக்கத்தில் இறங்கும் ஸ்டேஜ், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் கட்டணம். காரில் மேலே எஞ்சின் வேகம், பக்கத்தில் ஆக்சிலரேட்டர் மிதித்த அளவு, சந்திக்கும் கட்டத்தில் டீசல். வரிசைக்கு 16 கட்டம், 16 வரிசை என்றால் 256 கட்டங்கள். வேகம் இரண்டு கட்டத்துக்கு நடுவில் இருந்தால் நடுவில் வரும் எண்ணைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளும். இந்த அட்டவணைக்குத்தான் "மேப்" என்று பெயர். ஒரு காரில் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், அந்த அட்டவணைகளுக்குத் தலைப்பு கிடையாது. அவன் வேலை செய்த ஒரு காரின் நினைவகம் 2 மெகாபைட். அதாவது 20,97,152 எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. எது கட்டளை, எது அட்டவணை, எந்த அட்டவணை எங்கே தொடங்குகிறது என்று எதுவும் எழுதியிருக்காது. கட்டணப் புத்தகத்தில் ஊர்ப் பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு, பக்கங்களையும் கிழித்து ஒரே நீளமாக ஒட்டிவைத்தால் எப்படி இருக்கும்? அப்படி. கார் கம்பெனியிடம் முழு விளக்கமும் உண்டு. அதை வெளியே தர மாட்டார்கள்.

இந்த விளக்கத்தைத் தானாகக் கண்டுபிடித்து எழுதி வைப்பதுதான் மேப் டெஃபனிஷன் ஃபைல். ஒவ்வொரு அட்டவணைக்கும் அதில் இவ்வளவு எழுத வேண்டும்: நினைவகத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை வரிசை, எத்தனை கட்டம், ஒரு எண் ஒரு பைட்டா இரண்டு பைட்டா, எதால் பெருக்கினால் உண்மையான அளவு வரும், அந்த அளவின் அலகு என்ன, கடைசியில் அதன் பெயர். எண்கள் காரில் இருக்கின்றன. அவற்றின் அர்த்தம் இந்த ஃபைலில் இருக்கிறது.

ஒரு உதாரணம். 8, 152 என்று அடுத்தடுத்து இரண்டு எண்கள் இருக்கின்றன. முதல் எண்ணை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் 2,200. மாற்றிப் படித்தால் 38,920. எந்தப் பக்கமிருந்து படிப்பது என்பது முதல் கேள்வி. சரி, 2,200 தான் என்று முடிவு செய்தாகிவிட்டது. அது என்ன 2,200? எஞ்சின் வேகமாக இருந்தால் 2,200 ஆர்.பி.எம். டர்போவின் காற்றழுத்தமாக இருந்தால் 2,200 மில்லிபார். 0.01-ஆல் பெருக்க வேண்டிய டீசல் அளவாக இருந்தால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 22 மில்லிகிராம். எண் ஒன்றுதான், பொருள் மூன்று.

இதைக் கேட்டபோது எனக்கு நம் ஊர்க் கதைதான் நினைவுக்கு வந்தது. ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் படித்தது திருப்புட்குழியில் என்பார்கள். குருவுக்கும் சீடருக்கும் மனக்கசப்பு வந்ததே உபநிஷதத்தில் வரும் "கப்யாஸம்" என்ற ஒரு சொல்லால்தான். குரு அதைக் குரங்கோடு சேர்த்துப் பொருள் சொன்னார். சீடர் வேறு மாதிரி பிரித்து, சூரியனால் மலர்ந்த தாமரை என்றார். எழுத்துகள் மாறவில்லை, பிரித்த விதம்தான் மாறியது. அவ்வளவு தூரம் போவானேன்? புள் கூட்டல் குழி, புட்குழி. ஜடாயு என்ற பறவையின் குழி. பிரிக்கத் தெரியாமல் எங்கள் ஊரில் புட்டு நன்றாக இருக்குமா என்று கேட்டவர்களும் உண்டு.

என் அப்பா பட்டுத் தறி நெய்தவர். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து அதில் மாட்டியிருப்பார்கள். ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. ஒரு மிதிக்கு ஒரு அட்டை. அப்படியே கரையில் மயிலும் அன்னமும் வந்துவிடும். ஆனால் அந்த மயிலை வரைந்த கட்டத்தாள் முதலாளி வீட்டுப் பீரோவில் இருந்தது. அப்பாவிடம் அட்டை மட்டும்தான். மயிலின் கொண்டையில் ஒரு இழை விட்டுப்போயிருப்பது அவருக்குத் தெரியும். எந்த அட்டையில் எந்த ஓட்டை என்று தெரியாததால் அதைத் திருத்த முடியாமலே வருடக்கணக்கில் நெய்தார். காரை வாங்கியவன் கதையும் இதுதான். எண்கள் எல்லாம் அவன் வண்டியில்தான் இருக்கின்றன. கட்டத்தாள் மட்டும் வேறு யார் வீட்டுப் பீரோவிலோ இருக்கிறது.

தங்கை மகன் அந்தக் கட்டத்தாளை எப்படித் திரும்ப வரைகிறான் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நினைவகம் முழுவதையும் கோடாக வரைந்து திரையில் ஓட்டுவான். கட்டளைகள் இருக்கும் பகுதி மணலை வாரி இறைத்த மாதிரி தெரியும். அட்டவணை வந்தால் கோடு சீராக ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கும். அங்கே நிறுத்தி, வரிசைக்கு எத்தனை கட்டம் என்று வைத்துப் பார்ப்பான். 15 என்று வைத்தால் படம் சாய்ந்து கோணலாக நிற்கும். 17 என்றால் மறுபக்கம் சாயும். 16 என்று வைத்ததும் வழவழப்பான ஒரு மலை எழும்பும். தறியில் ஒரு இழை தள்ளிக் கோத்தால் பூ சாய்ந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

மலைக்கு முன்னால் 800, 1,000, 1,250, 1,500 என்று ஏறிக்கொண்டே போகும் எண்கள் இருந்தால் அது எஞ்சின் வேகமாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். உறுதி செய்ய வண்டியை ஓட்ட வேண்டும். விடியற்காலை போக்குவரத்து குறைவாக இருக்கும்போது தாமல் வரை போய் வருவோம். அவன் ஓட்டுவான், நான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அளவுகளைப் பதிவு செய்வேன். அட்டவணை சொல்வதும் சென்சார் சொல்வதும் பொருந்துகிறதா என்று வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவான். பம்ப் பெஞ்சில் கண்ணாடிக் குழாயைப் பார்த்து நான் செய்ததும் இதுதான். அளந்து பார்க்காமல் நான் எந்தப் பம்பிலும் சீல் அடித்ததில்லை.

இதில் தப்பு நடந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். சென்னை விமான நிலையத்துக்கு டாக்சி ஓட்டும் ஒருவர் ஒருநாள் வண்டியோடு வந்தார். வேறு எங்கோ, மைலேஜ் கூடும் என்று சொல்லி கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மேம்பாலம் ஏறினால் கரும்புகை, இழுவை இல்லை, நடுவழியில் எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி ஊர ஆரம்பித்துவிடும். எஞ்சினைப் பிரிக்க வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்களாம். இன்னும் இரண்டு வருடத் தவணை பாக்கி இருக்கிறது. மனிதர் டீ கொடுத்தாலும் வாங்கவில்லை.

என் தங்கை மகன் நினைவகத்தைப் படித்தெடுத்து, அதே வண்டியின் கம்பெனி ஃபைலோடு ஒப்பிட்டான். காரணம் தெரிய அரை மணிதான் ஆனது. மாற்றியவர்கள் வைத்திருந்த டெஃபனிஷன் ஃபைல் அதே மாடல் காருக்குத்தான், ஆனால் அதன் மென்பொருளின் வேறு பதிப்புக்கு. பதிப்பு மாறினால் அட்டவணைகள் சில பைட்டுகள் தள்ளிப் போய்விடும். பெயர் ஓரிடத்தைக் காட்டியது, அட்டவணை இன்னோரிடத்தில் இருந்தது. மாற்றிய எண்களில் கடைசிச் சில, அடுத்த அட்டவணையின் தலைப்பு வரிசையில் போய் விழுந்திருந்தன. படிக்கட்டு போல ஏறவேண்டிய வேகங்கள் நடுவில் இறங்கிவிட்டன. அந்த இடத்தில் எஞ்சின் எந்தக் கட்டத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறியிருக்கிறது.

"கம்ப்யூட்டர் இதை எப்படி ஒத்துக்கிச்சு? ஏதோ செக்சம்னு சொன்னியே?" என்று கேட்டேன்.

"செக்சம்ங்கிறது மொத்தக் கூட்டல் சரியா இருக்கான்னு மட்டும்தான் பார்க்கும் மாமா. எழுதுற டூல் அதையும் சேர்த்துத் திருத்திடும். கூட்டல் சரி, கணக்குதான் தப்பு."

கம்பெனி ஃபைலையே திரும்ப எழுதி, தாமல் வரை ஓட்டிக் காட்டினான். புகை இல்லை. எஞ்சினைப் பிரிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. டாக்சிக்காரர் அப்போதுதான் டீ குடித்தார்.

கம்பெனி மறைத்து வைத்திருப்பதை இப்படித் தோண்டி எடுப்பது திருட்டுத்தனம் இல்லையா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. கேட்டேன். பதிலுக்கு அவன் ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தைச் சொன்னான்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு குழு, 2013-இல் டீசல் கார்களின் பின்னால் கருவிகளைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியா சாலைகளில் ஓட்டி அளந்தது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் ஒருவர். பெயரே சொல்கிறது நம்மவர் என்று. சோதனைக் கூடத்தில் தேறிய ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, சாலையில் அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. 2014-இல் அறிக்கை வந்தது. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை குற்றம் சாட்ட, கம்பெனி ஒத்துக்கொண்டது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். இந்தியாவிலும் அந்த டிசம்பரில் சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அறிவித்தார்கள்.

வெளியே புகையை அளந்து தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தாகிவிட்டது. உள்ளே அதை எப்படிச் செய்தார்கள்? இதற்கு எண்களின் அர்த்தம் தெரிய வேண்டும். ஃபெலிக்ஸ் டோம்கே என்ற ஜெர்மானியர் தன் சொந்தக் காரின் கம்ப்யூட்டரைப் பிரித்துப் படித்து, 2015 டிசம்பரில் ஹாம்பர்க் மாநாட்டில் விளக்கிக் காட்டினார். இத்தனை நொடியில் இத்தனை தூரம் என்று கார் தன் ஓட்டத்தைச் சோதனைக் கூடத்து ஓட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போனால் ஒழுங்காக நடந்துகொள்கிறது, விலகினால் பழைய குருடி கதவைத் திறடி. இந்தக் கள்ளத்தனத்துக்கு உள்ளே வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? "அக்கூஸ்டிக்", அதாவது ஒலி சம்பந்தப்பட்டது என்று. 2017-இல் ஜெர்மனி, அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை விரிவாக எழுதினார்கள். கம்பெனிகள் வெளியிடாத விளக்கத் தாள்கள், வண்டியை டியூன் செய்கிறவர்கள் மத்தியில் புழங்குவதை அவர்களும் குறிப்பிடுகிறார்கள்.

"பூட்டுச் சாவி மாதிரிதான் மாமா. திருடனும் வச்சிருக்கான், பூட்டை உடைச்சுப் பார்த்துத்தான் திருட்டைக் கண்டுபிடிச்சாங்க" என்றான்.

நியாயமான பதில்தான். ஆனால் சாவி கையில் இருப்பவன் என்ன செய்கிறான் என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன் என்று சொல்லிவைத்தேன். ஏனென்றால் என் காலத்திலும் ஈய சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருப்பியவர்கள் இருந்தார்கள். இழுவை கூடும். பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவன் முகத்தில் கரி அப்பும். இழுவை ஒருவனுக்கு, புகை ஊருக்கு.

அதற்கான சமயமும் சீக்கிரமே வந்தது. டீசல் வேன் வைத்திருக்கும் ஒருவர், புகையைத் திரும்ப எஞ்சினுக்கு அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு அடிக்கடி அடைத்துக்கொள்கிறது, அதைக் கம்ப்யூட்டரிலேயே அணைத்துவிடு என்று கேட்டு வந்தார். எட்டாயிரம் ரூபாயை மேஜைமேல் வைத்தார். கொட்டகை வாடகை கட்ட வேண்டிய வாரம் அது. எந்த அட்டவணையில் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நான் ஒன்றும் பேசாமல் தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தேன், அதாவது படிப்பதுபோல் இருந்தேன். "வால்வைக் கழட்டிச் சுத்தம் பண்ணித் தர்றேன்ணே, ஆயிரத்து ஐந்நூறு ஆகும். அணைக்கிற வேலை நான் எடுக்கிறதில்லை" என்றான். அவர் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு எங்காவது செய்திருப்பார். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வாடகை பத்து நாள் தாமதமானது.

அவன் எழுதும் ஃபைலில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு அட்டவணைக்கும் கீழே ஒரு குறிப்பு எழுதுகிறான்: "ஓட்டிச் சரிபார்த்தது", "ஊகம்", "தெரியவில்லை". அந்த டாக்சி மாடலுக்கு அவன் செய்துவரும் ஃபைலில் 74 அட்டவணைகள். 41 சரிபார்த்தவை, 20 ஊகம், 13 தெரியாதவை. ஒரு வியாபாரி, எல்லாவற்றுக்கும் பெயர் போட்டுக் கொடுத்தால் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றார். தெரியாததற்கு எப்படிப் பெயர் போடுவது என்று அவன் கேட்க, "ஏதாவது போடு தம்பி, யார் பார்க்கப் போறாங்க" என்றாராம். ஃபைல் இன்னும் விற்கவில்லை.

போன மார்கழியில் அந்தப் பதின்மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். ஒரே வரிசைதான். மேலே 2531, 2731, 2931, 3131, 3331, 3531 என்று இருநூறு இருநூறாக ஏறுகிறது. கீழே 1,100-இல் தொடங்கி 830 வரை இறங்குகிறது. "ஆர்.பி.எம்.மா இருக்கும்னா ஒத்துவரலை மாமா, ஏன் எல்லாம் 31-ல முடியுது?" என்றான். 2731-ஐப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூடத்து இயற்பியல் வாத்தியார் நினைவுக்கு வந்தார். கெல்வின் கணக்கில் தண்ணீர் உறையும் இடம் 273. "பத்தால வகுத்து 273.1-ஐக் கழிச்சுப் பாருடா" என்றேன். மைனஸ் 20, பூஜ்யம், 20, 40, 60, 80 டிகிரி. எஞ்சின் தண்ணீரின் வெப்பம்! அப்படியானால் கீழே இருப்பது ஐடிலிங் வேகம். எஞ்சின் குளிர்ந்திருந்தால் வேகமாகவும், சூடானதும் மெதுவாகவும் ஓட வேண்டும் அல்லவா?

"அப்ப பேர் வச்சுடலாமா?" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"இன்னும் ஊகம்தான் மாமா" என்று சொல்லிவிட்டு, அந்த டாக்சிக்காரருக்கு போன் செய்தான். இரண்டு நாள் வண்டியை ராத்திரி எங்கள் வாசலில் விட்டுப்போகச் சொன்னான். இரண்டு நாளும் விடியற்காலை நாலரை மணிக்கு, கோயிலில் திருப்பாவை ஒலிபெருக்கி தொடங்கும் முன் எழுந்து, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு டிகிரிக்கும் ஓடும் வேகத்தை நானும் அவனும் எழுதினோம். தண்ணீர் 22 டிகிரியிலிருந்து 80 வரை ஏறும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். அட்டவணை சொன்னபடியே வேகம் படிப்படியாக இறங்கி 830-இல் நின்றது.

இப்போது தெரியாதவை 12. சரிபார்த்தவை 42.